கத்திரி வெயிலில் காய்ந்த கொத்தவரங்காய் வற்றல் பூசணம் பிடித்தது ஏன்?

ஜூன் 3, காலை (வாசகர் கேள்வி)

சென்னைக் கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகரில் மூன்றாவது மாடிக்கு மேல் மொட்டை மாடி. கத்திரி தொடங்கிய மறுநாள் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கொத்தவரங்காயை உப்பும் மஞ்சள் தூளும் சேர்த்து அரைவேக்காடாக வேகவைத்து, நீரை வடித்து, 5 நாள் காயவைத்தேன். கையில் அள்ளினால் சலசலத்தது. எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினேன். நேற்றுத் திறந்தால் நடுவில் சாம்பல் நிறப் பூசணம். இந்த வெயிலில் காயாத வற்றல் வேறு எப்போதுதான் காயும்? உப்பு குறைந்துவிட்டதா? பூசணம் பிடித்ததை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை மறுபடி வெயிலில் போடலாமா?

ஜூன் 3, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன். போடக்கூடாது, டப்பாவில் இருப்பது முழுவதையும் எறிந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பூசணம் ஓரிடத்தில் இருந்தாலும் அதன் இழைகள் பக்கத்தில் இருப்பவற்றிலும் ஓடியிருக்கும். எல்லாப் பூசணமும் நஞ்சு அல்ல என்பது உண்மைதான். ஆனால் வேர்க்கடலையிலும் மிளகாய் வற்றலிலும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிற இனம் எது, ஒன்றும் செய்யாத இனம் எது என்று நாம் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணெயில் பொரித்தால் எல்லாம் போய்விடும் என்பதும் தவறு. அந்த நஞ்சு பொரிக்கும் சூட்டில் முழுதாக அழிவதில்லை.

இனி வெயில். வற்றல் வெயிலில் காய்கிறது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். வெயில் காயைச் சூடாக்கி நீரை வெளியே தள்ளுவதோடு சரி. தள்ளிய நீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் வேண்டும். கடற்கரைக் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்துவிட்டு வருகிற காற்று. நான் பிறந்தது கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கும் கோவில்பட்டி. திருமணமாகி வந்ததிலிருந்து இருப்பது சென்னையில் கடலை ஒட்டிய திருவான்மியூர். அக்கா இன்னும் கோவில்பட்டியில்தான் இருக்கிறாள். அவள் இரண்டு நாளில் காயவைத்து எடுப்பதை நான் நான்கு நாள் போட்டும் நமத்துப்போய்க் கிடக்கக் கண்டு, முதல் சில ஆண்டுகள் என் கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன்.

காலை 9 மணிக்குப் பரப்பி மாலை 5 மணிக்கு எடுங்கள். பனி இறங்குவதற்கு முன் வற்றல் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

ஜூன் 4

எத்தனை நாள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நாள் கணக்கு பயனற்றது. சலசலப்பும் ஏமாற்றும், ஏனென்றால் சத்தம் போடுவது மேல்தோல். ஈரம் இருப்பது விதைக்குப் பக்கத்தில். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும்.

கொத்தவரங்காயில் ஏறக்குறைய 80% நீர். காம்பு, நுனி, நார் நீக்கியபின் ஒரு கிலோ எடுத்தால் அதில் நீர் அல்லாத பொருள் 200 கிராம். காய்கறி வற்றல் கெடாமல் இருக்க நீர் 10 விழுக்காட்டுக்குள் இறங்க வேண்டும்; 8% என்று வைத்துக்கொண்டால் முடிவில் தராசு 217 கிராம் காட்ட வேண்டும். அதே காய் 300 கிராமில் நிற்கும்போது தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும், ஆனால் உள்ளே மூன்றில் ஒரு பங்கு நீர். உங்கள் டப்பாவில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மூடியபின் தடித்த காயின் உள்ளீரம் மெல்ல வெளியே வந்து, நன்றாகக் காய்ந்திருந்த மெலிந்த காய்களையும் நனைத்துவிட்டது. பூசணம் ஓரத்தில் பிடிக்காமல் நடுவில் பிடித்ததற்கும் காரணம் இதுதான் என்று ஊகிக்கிறேன்.

ஜூன் 5, விடியற்காலை

நேற்றைய கணக்கில் உப்பை விட்டுவிட்டேன். 31 ஆண்டு கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவள் ஐந்தொகையில் ஒரு வரியை மறந்ததுபோல் இருக்கிறது. இரவெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது. வேகவைக்கும்போது காய்க்குள் 25 கிராம் உப்பு ஏறியிருந்தால் நீர் அல்லாத பொருள் 225 கிராம். அப்போது இலக்கு 217 அல்ல, 245. கொதிநீரில் காயின் சாரம் கொஞ்சம் கரைந்து போவதையும் சேர்த்தால் எந்த எண்ணும் சரியாக வராது. ஆகவே குறிப்பிட்ட ஓர் எடையைத் துரத்த வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்காமல் நின்றுவிட்டால் அந்தக் காற்றில் அது காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் காற்று போதுமானதா என்பது வேறு கேள்வி.

ஜூன் 8

மூன்று நாளாக நானே ஒரு கிலோ கொத்தவரங்காய் போட்டு, மணிக்கு மணி நிறுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாலை 5 மணிக்கு எடுங்கள் என்றேன். நேற்றுப் பிற்பகல் 2 மணிக்குத் தட்டில் 268 கிராம். 5 மணிக்கு 271. வெயிலில் கிடந்துகொண்டே எடை ஏறியிருக்கிறது! இரண்டு மணிக்குச் சற்று முன்புதான் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று அடங்கிக் கடற்காற்று நுழைந்தது. மாடிக்கொடியில் கிடந்த துணி மேற்கிலிருந்து கிழக்காக ஆடியது நின்று, கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பியது. உடல் அதைக் குளுமை என்று வரவேற்கிறது, வற்றல் அதை ஈரம் என்று வாங்கிக்கொள்கிறது. அதன்பின் அடித்தது வெறும் வெளிச்சம்தான்.

ஆகவே திருத்தம்: கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் மாலை வரை காத்திருக்காமல், கடற்காற்று தொட்ட உடனே வற்றலை உள்ளே எடுத்து மூடிவைக்க வேண்டும். ஜூன் மாதத்தில் மேல்காற்று பலமாக வீசுவதால் கடற்காற்று தாமதித்துத்தான் வருகிறது. அந்தக் காலை முழுவதும் உலர்ந்த காற்று. கடற்காற்று நண்பகலுக்கு முன்பே வந்துவிடுகிற மாதங்களில், வெயில் எவ்வளவு அடித்தாலும் சென்னையில் வற்றல் போடும் நேரம் சுருங்கிவிடுகிறது.

ஜூன் 8, இரவு

இன்னொன்று. இரவில் தட்டை மூடாமல் கூடத்தில் வைத்தேன். காலையில் 283 கிராம். முந்திய நாள் காய்ந்ததில் பாதி ஒரே இரவில் திரும்ப வந்துவிட்டது.

ஜூன் 9

அந்த 283-க்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிட மோசம், ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே கசியும். மழைக்காலத்தில் உப்புச் சாடி நீர்விடுவதைப் பார்க்காத வீடு இல்லை. வற்றலுக்குள் நாம் ஏற்றிய உப்பும் அதையேதான் செய்கிறது. கடற்கரை இரவில் ஈரப்பதம் பல நேரம் 75-ஐத் தாண்டிவிடும்.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் உப்பே வேண்டாம்’ என்று கிளம்பிவிட வேண்டாம். முதல் இரண்டு நாள் காய் இன்னும் ஈரமாக இருக்கும்போது அது அழுகாமல் காப்பது உப்புதான்; காயின் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்கிறது. காக்கிற உப்பே பிறகு ஈரத்தைக் கூட்டிவருகிறது. கேள்வி கேட்டவரின் உப்பு குறைந்துபோனது என்று நான் நினைக்கவில்லை. பெசன்ட் நகருக்கு அது சற்று அதிகமாகவே இருந்திருக்கலாம்.

கோவில்பட்டியில் அக்கா கைப்பிடி கைப்பிடியாகக் கல்லுப்பு போடுவாள். அங்கே அது செல்லும். அவளுடைய அளவை அப்படியே இங்கே கொண்டுவந்ததுதான் என் பழைய தோல்விகளுக்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. இதை அவளிடம் தொலைபேசியில் சொன்னேன். ‘உனக்குக் கைப்பக்குவம் இல்லை என்பதை இவ்வளவு சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டுமா’ என்றாள்.

ஜூன் 11

எதன்மேல் பரப்புவது என்ற கேள்விக்கு: பிளாஸ்டிக் விரிப்பு கூடாது, அடிப்பக்கம் வியர்த்துப்போகும். அலுமினியத் தட்டும் கூடாது, உப்பும் புளிப்பும் அதை அரிக்கும். வேட்டி நல்லது, ஆனால் முதல் நாள் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அமைந்ததிலேயே சிறந்தது பழைய கயிற்றுக் கட்டில். அதன்மேல் துவைத்த கொசுவலையை இரண்டாக மடித்து விரித்தால் காய்க்கு அடியிலும் காற்று ஓடும், திருப்பிப் போடும் வேலையும் பாதியாகக் குறையும். காக்கைக்கு மேலே இன்னொரு கொசுவலை. கறுப்புக் குடை விரித்து வைத்தால் காக்கை வராது என்பார்கள். எங்கள் மாடிக் காக்கை இரண்டாம் நாள் அந்தக் குடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 12

எடை 259-லேயே நின்றுவிட்டது. காலை மேல்காற்று எவ்வளவு உலர்ந்திருந்தாலும் நடுவில் வரும் இரவு அதை ஈடுகட்டிவிடுகிறது. நேற்றிரவு ஒரு முயற்சி செய்தேன். படுக்கையறையில் ஏசி ஓடும்போது அது காற்றிலுள்ள நீரைப் பிழிந்து குழாய் வழியே வெளியே விடுகிறது. அந்த அறையின் காற்று இரவெல்லாம் உலர்ந்த காற்று. வற்றல் தட்டை நாற்காலியில் வைத்து எதிரே மேசை விசிறியையும் ஓடவிட்டேன். காலையில் 251.

‘எனக்குப் போடாத ஏசியைக் கொத்தவரங்காய்க்குப் போடுகிறாய்’ என்றார் என் கணவர். எப்படியும் ஓடப்போகிற ஏசிதான், புதிதாகச் செலவு விசிறிக்கு மட்டுமே. வற்றலுக்காகத் தனியாக ஏசி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஜூன் 13

இரண்டாம் இரவுக்குப்பின் 246. மூன்றாம் இரவில் இறங்காது என்று நினைக்கிறேன்.

ஜூன் 14

இறங்கவில்லை. ஒரு காயை ஒடித்தேன். வளையவில்லை, பட்டென்று முறிந்தது. விதை நகத்தில் அழுந்தவில்லை. தராசு இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை போதும். ஆனால் மெலிந்த காயை ஒடித்துப் பார்த்து மகிழ்ச்சி அடையக்கூடாது, இருப்பதிலேயே தடித்த காயை எடுத்து ஒடிக்க வேண்டும். ஒடிப்பதற்கு முன் அது ஆறியிருக்கவும் வேண்டும், ஏனென்றால் வெயில் சூட்டில் காய்ந்த காயும் வளையும்.

ஜூன் 20

மின் உலர்த்தி வாங்கினால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எதிர்வீட்டாரிடம் ஒருவாரம் இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். கொத்தவரங்காய் 60 டிகிரி செல்சியஸில் ஒரே பகலில் முடிந்தது. சந்தேகமே இல்லை, வசதிதான். பாகற்காயில்தான் சறுக்கினேன். சீக்கிரம் ஆகட்டும் என்று எடுத்த எடுப்பில் 75 டிகிரி வைத்தேன். மேல்புறம் ஓடுபோல இறுகி, உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுவிட்டது. வெளியே பாறை, உள்ளே பிசுபிசுப்பு. இறுகிய ஓட்டை மறுபடி இளக்க முடியாது. இயந்திரமானாலும் வெயிலானாலும், உள்ளிருந்து நீர் மேலே வந்துசேரும் வேகத்தைவிட மேற்பரப்பு காயும் வேகம் கூடிவிட்டால் இதுதான் நடக்கும். கறிவேப்பிலை போன்ற இலைகளுக்கு 40 டிகிரியைத் தாண்டவே வேண்டாம், மணம் போய்விடும்.

ஜூன் 24

சுண்டைக்காய், மோர் மிளகாய் பற்றிக் கேட்டவர்களுக்கு. கொத்தவரங்காய்க்குச் சொன்னது இவற்றுக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் இவற்றை நாம் வேண்டுமென்றே திரும்பத் திரும்ப நனைக்கிறோம்.

சுண்டைக்காயை ஒவ்வொன்றாகத் தட்டி, வாய் பிளந்ததும் நீரில் அலசினால் விதையில் பாதி போய்விடும், கசப்பும் கொஞ்சம் குறையும். பிறகு உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவைத்துப் பகலில் பிழிந்து காயவைத்து, மாலையில் அதே மோரில் மறுபடி போட வேண்டும். மோர் புளித்திருப்பது சுவைக்காக மட்டும் அன்று. புளிப்பும் உப்பும் சேர்ந்துதான் ஈரமான அந்த முதல் நாள்களில் காயைக் காப்பாற்றுகின்றன. இனிப்பு மாறாத மோரில் போட்டால் மறுநாளே வழவழப்பும் கெட்ட வாடையும் வரும். மோர் முழுவதும் உறிஞ்சப்பட்டபின் காயவைப்பது மட்டுமே.

மிளகாயில் காம்பைக் கிள்ளாமல் நுனியில் சிறிதாகக் கீறுங்கள், அல்லது ஊக்கால் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். குத்தாத மிளகாய்க்குள் மோர் போகாது. அதன் உட்கூடு உப்பில்லாத, புளிப்பில்லாத, இருட்டான ஈர அறை. வெளியே பளபளப்பாக இருக்கும் மோர் மிளகாயைப் பிளந்தால் உள்ளே கறுப்புப் பூசணம் இருப்பதன் காரணம் இதுதான். ஒரு கிலோ மிளகாயைக் குத்தி முடித்த கையால் கண்ணைத் தொட்ட கதையை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 25

நேற்று ‘மோர் முழுவதும் உறிஞ்சப்பட்டபின்’ என்று எழுதியதை அக்கா மறுக்கிறாள். மூன்று இரவு போதும், மிஞ்சிய மோரைக் கொட்டிவிடு, இல்லாவிட்டால் உப்பு கரிக்கும் என்கிறாள். இங்குள்ள ஈரக்காற்றை நினைத்தால் அவள் சொல்வதே சென்னைக்குப் பொருந்தும், ஏனென்றால் மோரோடு ஏறும் உப்பும் குறையும்.

ஜூலை 19

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் நல்ல மறுப்பு எழுப்பியிருக்கிறார். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் ஆடி, ஆவணியில் பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிப் பனாட்டு காயவைக்கிறார்களே, அது எப்படிப் பூசணம் பிடிக்காமல் வருகிறது என்கிறார்.

இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, அந்த மாதங்களில் அங்கே தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று. மெல்லியதாக ஊற்றி, காய்ந்தபின் அதன்மேல் அடுத்த படலத்தை ஊற்றுவதால் காற்றுக்கு எப்போதும் மெல்லிய பரப்பே கிடைக்கிறது. மற்றது, பழத்தின் சர்க்கரை. பழத்தை வற்றல்போல ஒடியும் வரை காயவைக்கத் தேவையில்லை. 15 முதல் 20% வரை நீர் இருந்தாலும் அதைச் சர்க்கரை பிடித்துவைத்திருப்பதால் பூசணத்துக்கு எட்டுவதில்லை. அதே 20% நீரோடு கொத்தவரங்காயை மூடிவைத்தால் கேள்வி கேட்டவரின் டப்பாதான்.

நேந்திரம்பழத் துண்டுகளைக் காயவைப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். தோல்போல வளைய வேண்டும், பிய்த்த இடத்தில் ஈரம் கசியக்கூடாது. கறுப்பாவதைத் தடுக்க எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் சற்று நேரம் போட்டு எடுக்கலாம். காய்ந்த துண்டுகளைக் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, ஒருவாரம் பத்து நாள் தினமும் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஈரத்துண்டும் உலர்ந்த துண்டும் ஈரத்தைப் பகிர்ந்து சமமாகிவிடும். பாட்டிலின் உட்புறம் வியர்த்தால் மறுபடி வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும். இந்தக் குலுக்கலை இப்போது கொத்தவரங்காய்க்கும் செய்கிறேன். எவர்சில்வர் டப்பா வியர்ப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால் முதல் பத்து நாள் கண்ணாடிதான்.

ஆகஸ்ட் 2

வண்டு பற்றி: வெயிலில் திறந்துவைக்கும் எதன்மேலும் பூச்சி முட்டையிட்டிருக்கலாம். காய்ந்தபின் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்கு இறங்கும் உறைபெட்டியில் 48 மணி நேரம் வைத்தால் போதும். வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் பையைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த வற்றலின்மேல் காற்றின் நீர் படிந்துவிடும். ஒருமுறை திறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17

அக்காவும் நானும் ஒரே நாளில் ஆளுக்கு ஒரு கிலோ கொத்தவரங்காய், ஆளுக்கு 20 கிராம் உப்பு என்று போட்டுப் பார்த்தோம். அவளுடையது மூன்றாம் நாள் காலையில் 231 கிராமில் நின்றது. என்னுடையது காலை வெயில், கயிற்றுக் கட்டில், இரவு ஏசி எல்லாம் சேர்ந்து ஐந்தாம் நாள் 238. ஏழு கிராம்தான் வேறுபாடு என்று நான் சொன்னேன். இரண்டு நாள் வேறுபாடு என்று அவள் சொன்னாள்.

அவள் சொன்ன இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் ஊரில் கத்திரி வெயிலுக்காகக் காத்திருப்பதில்லையாம். மாசி பங்குனியிலேயே பெரும்பாலான வற்றலைப் போட்டு முடித்துவிடுவார்களாம். சித்திரையில் எப்போது வேண்டுமானாலும் கோடைமழை வந்து கெடுக்கும் என்பது அவள் காரணம்.

நவம்பர் 11

ஐந்து நாளாக விடாத மழை. ஜூனில் போட்டதில் முதல் பாட்டிலை இன்று எடுத்து நிறுத்தேன். அதில் போட்டு மூடியது 246 கிராம், இன்று 247. ஒரு கிராம் தராசின் தடுமாற்றம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் பாட்டிலைப் பெருங்காயம் தேடி யாரோ திறந்து, மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்திருக்கிறார்கள். அது 14 கிராம் ஏறி வளைகிறது. பூசணம் இன்னும் இல்லை. வெறும் வாணலியில் சிறுதீயில் புரட்டி, ஆறவைத்து, இந்த வாரத்துக்குள் தீர்த்துவிடுவேன்.

முதல் பாட்டிலிலிருந்து வற்றல் குழம்புக்கு 30 கிராம் எடுத்தாயிற்று. இனி அதன் எடையை எழுதிப் பயனில்லை.